கொடி இல்லாத நஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

தையல் கடை இன்றும் பூட்டிக் கிடக்கிறது. என் ஊதாக் கோட்டு உள்ளே சிறையில்.

போன மாதம் கொடுத்தது. இடுப்பில் இரண்டு விரல் பிரித்துவிடச் சொன்னேன். தையல்காரி டேப்பை என்னைச் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலா அக்கா? ஒரு கை வேணும்" என்றாள். அவளுக்கும் நல்ல வயிறு. இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். "எனக்கு இன்னும் நாளிருக்கு. உங்களுக்கு எப்ப?" என்று கேட்டாள், களவாணி. பிள்ளை முந்திக்கொண்டது போல. நல்லபடியாக இருக்கட்டும். கோட்டும் நல்லபடியாக இருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் அக்கா மகள் கல்யாணம். நான் இளைப்பதைவிடக் கோட்டு பெருப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

ஆஸ்பத்திரியில் வாளி ராணி மூன்று வாளிகளோடு வந்தாள். பிரசவ வார்டிலிருந்து மூடி போட்ட சின்ன வாளிகளை என் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. பட்டம் நான் சூட்டியது. பதிலுக்கு அவள் எனக்குச் சூட்டியது 'நஞ்சு டாக்டர்'. பிள்ளைக்குப் பின்னால் வந்து விழும் நஞ்சுக்கொடியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஏதாவது கோணலாகப் போனால் மட்டும் அது என் மேஜைக்கு வரும். ஏன் இப்படி ஆயிற்று என்று அதனிடம்தான் கேட்க வேண்டும். வாயில்லாத சாட்சி, ஆனால் பொய் சொல்லாது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

மூன்றாவது வாளி — வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளையினுடையது. கழுவி எடை போட்டேன். இருக்க வேண்டிய எடை இல்லை. குழந்தை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பினேன். எத்தனை வருஷம் பார்த்தாலும் இந்த இடத்தில் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. சாம்பல் நீலத்தில் பளபளக்கும் தோல். நடுவிலிருந்து ரத்தநாளங்கள் கிளை பிரிந்து பிரிந்து ஓரம் வரைக்கும் — இலையெல்லாம் உதிர்ந்த மரமொன்றைச் சாயங்காலக் குளத்தில் குனிந்து பார்ப்பது போல. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே வானம் அதுதான்.

பிறகு ரொட்டி நறுக்குவது போல வில்லை வில்லையாக நறுக்கினேன். பஞ்சாக அமுங்க வேண்டிய இடங்கள் விரலுக்குக் கெட்டியாகத் தட்டின. வெளிறிய திட்டுகள். சில புதியவை, சில பழையவை. ஒரு நாளில் நடந்த விஷயமில்லை இது.

மூடியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பெயர்களை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மரத்தை மட்டும்தான்.

மார்ச் 5

கனவில் அந்த மரத்தடியில் படுத்திருந்தேன், தண்ணீருக்குள். மேலே யாரோ சீராக நடந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் இதயம் என்று கனவிலேயே புரிந்தது. விழித்தால் வீட்டுக்காரரின் குறட்டை.

மார்ச் 11, செவ்வாய்

மெழுகில் பதித்துச் சீவிய துண்டுகள் சாயம் ஏறிக் கண்ணாடித் தகடுகளாக வந்துவிட்டன. காலை முழுக்க மைக்ராஸ்கோப்பில் மிதந்தேன். தாயின் ரத்தம் உள்ளே நுழையும் வாசல்கள் குறுகிப்போய், அங்கங்கே உறைந்து அடைத்து... காட்டுக்கு வரும் ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றினால் எப்படியிருக்கும், அப்படி. சீக்கிரம் உறைகிற ரத்தமாக இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும்; அப்படித்தான் என்றால் அடுத்த முறைக்கு மருந்து இருக்கிறது. டாக்டர்களுக்கான பகுதியில் விவரமாக எழுதிவிட்டேன்.

தகராறு அதற்கப்புறம். எங்கள் துறைத் தலைவர் புதிதாக ஓர் ஆணை போட்டிருக்கிறார்: வீட்டார் படித்துப் புரிந்துகொள்ள ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டும். சும்மா இருந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். பிழை திருத்துகிறவரை வீட்டுக்காரராக வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? பதிப்பகத்தில் முப்பது வருஷமாக ஒற்றுப் பிழை பிடிக்கிறவர் என்பதால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஒற்றர்'. பெயர், ஊர் சொல்லாமல் வரியை மட்டும் காட்டினேன்.

"'நஞ்சுக்கொடியில் ஏற்பட்ட மாற்றங்களே' — இரு இரு. கொடின்னா படர்றது, நீளமா போறது. நீ தட்டு மாதிரி வட்டமா இருக்கும்னு சொல்லுவியே?"

"ஆமா. கொடி தனி, தட்டு தனி. கோளாறு தட்டுலதான். கொடி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் கொடி மேல பழி போடுற? அத வெட்டு. 'நஞ்சு'ன்னு போடு. பெரியவங்க 'நஞ்சு விழுந்துச்சா'ன்னுதானே கேப்பாங்க? அதான் சுத்தமான சொல்லு."

பிறகு 'ரத்த பரிசோதனை'யா, 'ரத்தப் பரிசோதனை'யா என்று காபி ஆறும் வரை வகுப்பு. கடைசியில் அவர் செதுக்கிக் கொடுத்தது இது: 'இறப்புக்குக் காரணம் நஞ்சு. தாய்க்கு ரத்தப் பரிசோதனை தேவை.'

"இப்பதான் தமிழ் மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கச்சிதம்.

மார்ச் 14

கடை இன்னும் பூட்டு. மூடுபனி. ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். என் கோட்டு தலையில்லாத பொம்மை மேல் நின்று என்னைவிட மரியாதையாகத் தெரிந்தது.

மார்ச் 29, சனி

இதை எழுதினால் தெளியுமா, தெரியவில்லை.

கடை வாசலைத் தையல்காரியின் மாமியார் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் போய் — வேறென்ன — கோட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உள்ளதாம்மா இருக்கும். சாவி அவகிட்ட. அவ இந்தக் கதவத் தொடவே மாட்டேங்கிறா."

"பிள்ளைய வச்சுக்கிட்டு கஷ்டந்தான். பையனா, பொண்ணா?"

"பிள்ள தங்கலம்மா."

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடியே சொல்லிக்கொண்டு போனார், என்னைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்க. சாவுக்குக் காரணம் நஞ்சுன்னு அச்சடிச்சிருக்கு. ரத்தத்துல இருக்கான்னு பாக்கணுமாம். எதத் தின்னா, எவ குடுத்தா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. ரத்தம் குடுக்கவும் வர மாட்டேங்கிறா. என் பையன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான். ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா வீட்டுக்குப் போறாளாம். போனா திரும்ப மாட்டா."

அந்த வாளி. அந்தப் பெயர். 'தையல்காரி' என்று கூப்பிட்டே பழகிய எனக்கு அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே தோணலையே. நான் கையில ஏந்திப் பாத்தேனே, அந்த மரத்த. அவளோடதுதானா அது? கொடிய வெட்டினோம், மிச்சம் என்ன இருக்கும்னு பாக்கலையே — வெறும் விஷம். ரெண்டு படிச்ச முட்டாளுங்க உக்காந்து 'ப்' போடணுமா வேண்டாமான்னு...

அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைக் கேட்ட வாயில் அது வரவில்லை.

மார்ச் 30

ஒற்றரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். "ஞாயித்துக்கிழமைன்னா இன்னிக்கா, அடுத்ததா?" என்றார். அடுத்தது என்று நினைக்கிறேன் என்றேன். "நானும் வரேன்" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினத்தில் போனோம், பொருத்தமாக.

கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. மாமியார் கதவைத் திறந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்: அதை எழுதியது நான்தான், நஞ்சு என்றால் விஷம் இல்லை, பிள்ளை பிறந்தபின் விழுமே, அது. அதற்கு ரத்த ஓட்டம் போதவில்லை. உங்கள் மருமகள் ஒன்றும் செய்யவில்லை.

அவர் எதிரே உட்கார்ந்தார். "நஞ்சு விழுந்துச்சான்னு நாங்களும்தாம்மா கேப்போம். நானே பெத்தவதான். ஆனா ஆஸ்பத்திரி முத்திரையோட அச்சுல பாத்தா வேற மாதிரி தெரிஞ்சுதே."

"அது... நான்தான் திருத்தினது" என்றார் என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்று.

மாமியார் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லாத் திருத்துனீங்க, போங்க."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உள் அறையிலிருந்து தையல்காரி என்னை மட்டும் கூப்பிட்டாள். கட்டில் மேல் பெட்டி பாதி கட்டி இருந்தது. அவள் பாதியாக இருந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"அக்கா, நீங்க நல்லவங்க. அதான் மாத்திச் சொல்றீங்க. நீங்க எழுதினது சரிதான். நான் தின்னேன்."

"என்னத்த?"

"சாக்பீஸ். துணியில கோடு போடுற நீலச் சாக்பீஸ். அந்த வாசன இருக்கே, புது மண்ணுல தண்ணி பட்டா வருமே... கை தானா போகும். அத்தைக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது. உங்க கோட்டுக்கு மார்க் பண்ண உக்காந்தேன், பாத்தா சாக்கே இல்ல. எல்லாத்தையும் தின்னுட்டேன். அதான் உங்களுது லேட்டு."

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மண், சாம்பல், சாக்பீஸ் என்று தின்னத் தோன்றுவது பலருக்கும் உண்டு, உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் அப்படி இழுக்கும், நல்லதில்லை, ஆனால் அது இதைச் செய்யாது — எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து, எவ்வளவு மரியாதையாக நம்பாமல் இருந்தாள்.

"நீங்க உள்ள பாத்தீங்களே அக்கா. நீலமா இருந்துச்சா?"

"இல்ல."

"சத்தியமா?"

"நீயே வந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் மூளையைவிட நான்கு அடி முன்னால்.

ஏப்ரல் 4, வெள்ளி

பிரசவ டாக்டரிடம் அனுமதி வாங்கி, மதிய இடைவேளையில் வரச் சொன்னேன். வந்தாள், மாமியாரோடு. வாளி ராணி நாற்காலி போட்டாள். மைக்ராஸ்கோப்பில் அவளுடைய தகட்டை வைத்து, சரி செய்து, "பாரு" என்றேன்.

குனிந்தாள். கண் பழகக் கொஞ்ச நேரமானது. பிறகு அவள் முதுகு அப்படியே உறைந்தது.

"நீலம்" என்றாள்.

ஐயோ. ஐயோ என் மூளையே. சாயம். நாங்கள் ஏற்றுகிற சாயம்! ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம். உலகத்தில் எந்த உடம்பின் துண்டை வைத்தாலும் நீலப் புள்ளிகள் தெரியத்தான் செய்யும். தினம் தினம் பார்த்துப் பார்த்து எனக்கு அது நிறமே இல்லை. அவளுக்கு அது ஊர்ப்பட்ட சாக்பீஸ் தூள்.

"சாக்பீஸ்தான் அக்கா. புள்ளி புள்ளியா இருக்கு, எல்லாப் பக்கமும்" என்றாள். அழக்கூட இல்லை, அளவு சொல்கிற குரலில் சொன்னாள். மாமியார் "என்னடி நீலம்? என்ன சாக்பீஸ்?" என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சாயம் என்றேன். சாயம் போடுவோம் என்றேன். நானே கேட்டாலும் நம்பியிருக்க மாட்டேன்.

காப்பாற்றியது வாளி ராணி. அலமாரியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்துவந்து என் கையில் திணித்தாள். "உங்க பித்தப்ப இருக்கே. அதக் காட்டுங்க."

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எடுத்த என் பித்தப்பை. என்னிடமிருந்து பிரிந்த ஒரே உண்மையான சொத்து. வைத்தேன். பார்க்கச் சொன்னேன். நீலம். சொல்லப்போனால் அவளுடையதைவிட அடர் நீலம்.

"இது யாரு?" என்றாள்.

"நான்."

"நீங்களும் சாக்பீஸ்..."

"நான் பஜ்ஜி, பிஸ்கட், கேக்கு, அக்கா வீட்டு விருந்து, எல்லாம் தின்னுவேன். சாக்பீஸ் மட்டும் தின்னது கிடையாது."

மாமியாரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம். எழுந்து, "டாக்டரம்மாக்கு உள்ளயும் ஊதாக் கோட்டுதான்" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தையல்காரி சிரிக்க ஆரம்பித்து, அது நடுவழியில் வேறாக மாறி, மாமியார் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "சாக்பீஸ்னு எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி? நான் சாம்பல் தின்னவ. உன் புருஷன் வயித்துல இருந்தப்ப அடுப்பையே காலி பண்ணேன்." நானும் வாளி ராணியும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஒன்றுமில்லாத சுவரை ரொம்பக் கவனமாகப் பார்த்தோம்.

போகும்போது தன் தகட்டை மறுபடி ஒரு முறை பார்க்கக் கேட்டாள். இந்தத் தடவை அவசரமில்லாமல். "கிள கிளையா இருக்கு, அக்கா" என்றாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ரத்தம் எங்க குடுக்கணும்?" என்றாள்.

ஏப்ரல் 5

அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். 'குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் கொண்டுசேர்க்கும் உறுப்புக்கு ரத்த ஓட்டம் போதவில்லை. தாய் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணம் அல்ல.' ஒற்றரிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

கல்யாணத்துக்குப் பழுப்புக் கோட்டில் போனேன். அக்கா என்னைப் பார்த்து, "மூட்டை கட்டி அனுப்பிட்டாரா உன் புருஷன்?" என்றாள். அம்மா வீட்டுக்குக் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டாளாம் தையல்காரி. எனக்கு அது போதும்.

ஜூன் 24, செவ்வாய்

கடை திறந்துவிட்டது! கோட்டு விடுதலை.

ரத்தப் பரிசோதனை இரண்டு தடவையும் ஒரே பதில்தான். சீக்கிரம் உறைகிற ரத்தம். பிரசவ டாக்டர் எல்லாம் விளக்கிவிட்டாராம். என்ன புரிந்தது என்று கேட்டேன். பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: "மேல நூல் இருக்கு, ஊசி இருக்கு, துணியும் நல்ல துணி. அடியில பாபின் சிக்கிக்கிச்சு. மெஷினு ஓடுற மாதிரிதான் தெரியும், தையல் விழாது. அடுத்த தடவ எண்ணெய் போட்டு ஓட்டணும்." நான் எழுதிய மூன்று பக்கம் இதுதான்.

அடுத்த தடவை என்று அவள் வாயாலேயே சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காதது போல் இருந்தேன்.

அக்டோபர் 21

வாளி ராணி பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்து தையல்காரியைப் பற்றி ஒரு செய்தி சொன்னாள். எழுத மாட்டேன். எழுதினால் கண் பட்டுவிடும் போல் இருக்கிறது. நானா இப்படி?

ஜனவரி 9, வெள்ளி

மாலையில் கடைக்குப் போனேன். சும்மாதான். ஒரு கைக்குட்டை ஓரம் அடிக்க வேண்டியிருந்தது. ஓரம் நன்றாகத்தான் இருந்தது, நானே பிரித்தேன்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஓர் ஊசி அவளுக்கு, வயிற்றில். போடுவது மாமியார். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாராம். "பாருங்க டாக்டரம்மா, தையல்காரி அவ. ஊசி குத்துறது நானு" என்றார். முதல் நாள் கை தவறித் தன் விரலிலேயே குத்திக்கொண்டாராம். "கிழவிக்கும் ரத்தம் உறையாம போகட்டும்னு விட்டுட்டேன்" என்றாள் மருமகள். சாக்பீஸ் டப்பா மாமியாரின் இடுப்பில், சாவிக்கொத்தோடு. கோடு போட வேண்டுமென்றால் கேட்டு வாங்கி, போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு.

வெளியே மழை, உள்ளே மெஷின் சத்தம், விளக்கின் மஞ்சள் வட்டம். நான் ஸ்டூலிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். எங்கோ மெல்ல மெல்ல ஒரு மரம் வேர் விட்டுக்கொண்டிருந்தது. வேர் ஒவ்வொன்றும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் குடித்தது. "குறட்ட விடுறாங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்த மரமாகத்தான் இருக்கும்.

மே 20, புதன்

பெண். அழுதாளாம், வார்டே கேட்கிற மாதிரி.

எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கம் இது: பிரசவம் நல்லபடியாக முடிந்தாலும் நஞ்சை உடனே கழிப்பதில்லை. டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் பிள்ளைக்கு ஏதாவது என்றால் என்னிடம் வரும். ஒன்றுமில்லை என்றால் வராது.

ஒரு வாரம்.

மே 22

வாளி ராணி கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் மூடியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறேன். "இது மேல்மாடி கேஸு, இது வெளியாஸ்பத்திரி கேஸு" என்று வாசலிலேயே கத்திக்கொண்டு வருகிறாள். நல்லவள்.

மே 27, புதன்

பிரசவ வார்டு சிஸ்டர் போன் செய்தார். "பழைய டப்பாவெல்லாம் இன்னிக்குக் கழிக்கிறோம். உங்க தையல்காரியோடது இருக்கு. டாக்டர் கேக்கல, பிள்ள நல்லா பால் குடிக்குது. உங்களுக்கு வேணும்னா அனுப்பட்டா?"

எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். கழுவி, திருப்பி, அந்தப் பக்கத்தை ஒரே ஒரு முறை. ஓரம் வரை போயிருக்கிறதா கிளை? கெட்டி தட்டாமல் அமுங்குகிறதா? ஊசி வேலை செய்ததா?

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது.

"வேண்டாம், விட்டுருங்க" என்றேன். வாழ்க்கையில் நான் பார்க்காமல் விட்ட வம்பு இது ஒன்றுதான்.

ஜூன் 20, சனி

ஊதாக் கோட்டு மறுபடியும் மூடவில்லை. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே ஒரு மூட்டை தூங்கிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு மூக்கு இருந்தது. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளைக்கு விசிறிக்கொண்டு, "சத்தம் போடாதீங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

தையல்காரி என்னைக் கண்ணாடி முன் நிறுத்திக் கோட்டை மாட்டிவிட்டாள். டேப்பைச் சுற்றினாள். "ஏன்க்கா, அது உங்ககிட்ட வந்துச்சா?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

"வரல."

"வரலையா?"

"நல்லா இருக்கிறவங்களது எங்கிட்ட வராது."

டேப் என் இடுப்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் பின்னால் கையை நீட்டினாள். மாமியார் சாவிக்கொத்தைத் தொடவே இல்லை. சாக்பீஸ் மேஜை மேலேயே கிடந்தது, வெளியே, நாலு மூலையும் முழுசாக. எடுத்தாள். வாயருகே கொண்டுபோனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஊதினாள். தூசி பறந்தது. குனிந்து என் இடுப்பில் ஒரு நீலக் கோடு இழுக்கப் போனவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்ச விடுங்க அக்கா. அளவு தப்பா வரும்."